செஞ்சது யாரு

எங்கள் குழுவில் காலை வணக்கம் போடாத ஒரே ஆள் அந்த அக்காதான். விடிந்ததும் நாங்கள் நூற்றுச் சொச்சம் பேரும் ரோஜாப்பூ, சூரியன், சாமி படம் என்று ஆளுக்கொன்று போட்டுக் கடமையை முடிப்போம். அவர் போட மாட்டார். பத்து மணி வாக்கில், மிளகாயை வெயிலில் பரப்பிவிட்டு வந்து, அடுத்த காட்டில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் ஒரு குரல்பதிவு அனுப்புவார். பெரும்பாலும் அதில் இரண்டே சொற்கள்தான் இருக்கும்.

"செஞ்சது யாரு?"

குழு என்றால் பெரிய வியாபாரிகள் சங்கம் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடிப் பக்கம் வீட்டில் எதையாவது செய்து, போனில் ஆர்டர் எடுத்து, பார்சலில் அனுப்புகிறவர்கள். சத்துமாவு, இட்லிப்பொடி, வத்தல், வடகம், குதிரைவாலி அரிசி. குழுவைத் தொடங்கியது நான். ஆனால் நான் எதையும் செய்கிறவன் இல்லை. தானியத்தை மூட்டையாக வாங்கிச் சுத்தம் பண்ணிப் பையில் போட்டு விற்கிறவன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அந்த அக்கா பரளச்சிக்காரர். மோர்மிளகாய் போடுவார். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி உருவம், ஒரு பக்கக் காம்பை நூலால் கட்டிய கண்ணாடி. தயிரில் கை வைக்கிற வேலை என்பதால் போனை எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டே வைத்திருப்பார். பைக்கு மேலேயே தட்டுவார், பைக்கு மேலேயே பேசுவார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

குழுவுக்கென்று இணையத்தில் ஒரு பொதுப்பக்கம் வந்ததே அவரால்தான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பார்சல் ஒடையாமப் போக என்ன செய்யணும்னு இதோட நாலாவது ஆளு கேக்காக தம்பி. நானும் நாலு வாட்டி சொல்லிட்டேன். ஒரு எடத்துல எழுதி வச்சா என்ன? வாரவுக படிச்சுக்கிருவாகல்ல."

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. இணையத்தில் அதற்கு விக்கி என்று பெயர். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், பழையது என்ன இருந்தது என்றும் திருப்பிப் பார்க்கலாம். ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்றைத் தயார் செய்தேன். லைசென்ஸ் வாங்குவது, வண்டு வராமல் காப்பது, பை ஒட்டுவது, ஏமாற்று ஆர்டரைக் கண்டுபிடிப்பது என்று தலைப்புகள் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அவருக்குக் காட்டியபோது பாராட்டவில்லை.

"எல்லாரும் எழுதலாம்னா, கேட்டது பாத்தது எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டிருவாக. அடியில ஒரு கட்டம் போடுங்க தம்பி. செஞ்சது யாரு, எந்த ஊருன்னு. அத நெரப்பாட்டி உள்ள விடக் கூடாது."

போட்டேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எதையும் சேமிக்க முடியாது. வெறுமனே விட்டால் சிவப்பு எழுத்தில் 'செய்தவர் பெயர் தேவை' என்று மறிக்கும். மற்றவர்கள் அதில் பட்டம், கடைப் பெயர், போன் நம்பர் எல்லாம் போட்டு ஒரு விசிட்டிங் கார்டே அடித்துவிடுவார்கள். அவர் மட்டும் 'நான், பரளச்சி' என்று போடுவார்.

"பேரைப் போடுங்கக்கா" என்றேன்.

"பரளச்சியில இருந்து மோர் மொளகா அனுப்புறது நான் ஒருத்திதான. போதும்."

லைசென்ஸ் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் யாரும் இல்லை. தொப்பென்று ஒரு பார்சல் என் காலடியில் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா மாடியில் நிற்கிறார். "தள்ளி நில்லுங்க தம்பி, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். அன்று மாலை பொதுப்பக்கத்தில் இருந்தது: 'ஒற்றை டேப் ஒட்டியது மாடியிலிருந்து போட்டால் இரண்டாவது தடவை ஓரம் பிரிந்துவிடும். குறுக்கே ஒன்று ஒட்டினால் ஐந்து தடவை தாங்கும். செய்தது: நான், பரளச்சி.'

இன்னொரு தடவை காரியாபட்டியிலிருந்து ஒருவர், மாவில் வண்டு வராமலிருக்க வேப்பிலை போடச் சொல்லி எழுதினார். எங்கிருந்தோ வந்த செய்தியை அப்படியே ஒட்டியிருந்தார். மறுநாள் பத்து மணிக்குக் குரல் வந்தது.

"செஞ்சது யாரு?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானக்கா" என்றார் அவர்.

"எல்லாரும் ஒரே டப்பாவுலயா போட்டீக?"

குழுவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு டப்பாவில் மாவு வைத்து, ஒன்றில் வேப்பிலை போட்டு, இரண்டு மாதம் கழித்து முடிவைச் சொன்னார். வேப்பிலை போட்டதில் வண்டு வரவில்லை, ஆனால் அந்த மாவில் செய்த தோசையை வீட்டில் ஒருவரும் தின்னவில்லை. இரண்டையும் எழுதினார். அதோடு, 'எங்களுக்குத் தெரியாதவை' என்று ஒரு தனித் தலைப்பும் தொடங்கினார். யாருக்கும் விடை தெரியாத கேள்விகளை அங்கே போடச் சொன்னார். அதில் அவர் ஒருவர்தான் எழுதினார். எங்களுக்கெல்லாம் தெரியாது என்று எழுத வெட்கம்.

எங்களிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. யாரும் திருத்தலாம் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள். மூத்தவர் ஒருவர் எழுதியதை எப்படி அழிப்பது? அவுக மனசு என்ன பாடுபடும்? அதனால் கீழே எழுதுவார்கள். 'மேலே அண்ணன் சொன்னது மிகவும் சரி. எனக்கு மட்டும் கெட்டுப்போய்விட்டது.' அதற்குக் கீழே இன்னொருவர், 'அண்ணன் சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி.' இப்படியே பக்கம் நீண்டுகொண்டு போகும். படிக்கிறவருக்கு எந்தச் சரி சரி என்று தெரியாது. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, பிரயோசனம்தான் இல்லை.

அக்கா அழிப்பார். தப்பு என்று பட்டால், செய்து பார்த்துவிட்டு, முழுதாக அழித்துவிட்டுச் சரியானதை எழுதுவார். தான் எழுதியதையும் அப்படித்தான். ஒருமுறை அவர் எழுதிய உப்புக் கணக்கை அவரே அழித்துவிட்டு, 'முன்பு தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று எழுதினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

குழுவில் பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் ஐயா என்போம். பரளச்சிக்கு அந்தப் பக்கம் நிறைய நிலம். ஒரு காலத்தில் அவர் களத்து மிளகாய் வத்தல் லோடு லோடாகப் போகும். அருப்புக்கோட்டையில் அவருடைய பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. என் தானிய மூட்டைகளை அங்கே போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். வாடகை கேட்டதில்லை. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார்.

அவர் தன் அனுபவத்தையும் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்குத் தட்டத் தெரியாது. அவர் சொன்னார், நான் எழுதினேன். 'மிளகாய் வத்தலைச் சாயங்காலம் பனி இறங்குமுன் வெயில் சூட்டோடு அள்ளி அடைத்துக் கட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் பதம் போய்விடும்.' செய்தவர் கட்டத்தில் அவருடைய முழுப் பெயரையும் ஊரையும் நானே போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் மாறியிருந்தது. 'சாக்குமூட்டைக்கு மட்டும் சூட்டோடு அள்ளிக் கட்டலாம். பிளாஸ்டிக் பைக்கு ஆகாது. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் துணியில் பரப்பி, தொட்டால் குளிர்ச்சி தெரிகிற வரை ஆறவிட்டு அடைக்கவும்.' கட்டத்தில் ஐயாவின் பெயர் இல்லை. 'நான், பரளச்சி' என்று இருந்தது.

ஐயா என்னைக் கிட்டங்கிக்கு வரச் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா எந்தப் பக்கம்?"

"பரளச்சிங்கய்யா."

"பரளச்சி பெரிய ஊருல்ல. அதுல எங்கன?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த அக்கா எத்தனையோ தடவை சொன்ன சொல்தான், எனக்கு அன்று வாயில் வரவில்லை. தெருவைச் சொன்னேன்.

"ம்" என்றார். கொஞ்ச நேரம் மூட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "அதோட ஆத்தா நம்ம களத்துலதான் வேல பாத்துச்சு. இதுவும் சின்னப் பிள்ளையா கூடவே வந்து நிக்கும். நான் சொன்னது தப்புன்னா திருத்தட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. எம்பேர எடுத்துட்டு அது பேரப் போட்டுக்கிருச்சே. அதத்தான் கேக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அது உண்மையா என்று தெரியாது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா சங்கடப்படுறாகக்கா. அவுக பேரும் இருக்கட்டுமே."

"எந்தக் கட்டத்துல?"

"செஞ்சது யாருங்கிற கட்டத்துலதான்."

அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுவது தெரிந்தது. பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது.

"தம்பி, அந்தக் களத்துல மொளகா காயப்போட்டது எங்கம்மா. சாக்குப் பிடிச்சது நான். பனி எறங்கிரும் எறங்கிரும்னு அடிச்சுக்கிட்டு அள்ளுவோம், கையெல்லாம் எரியும். சூட்டோட கட்டுனா சாக்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? செஞ்சிருக்கேன். சாக்கு மூச்சு விடும், பிளாஸ்டிக் விடாது. அவுக நாற்காலியில ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தாக. பொய் சொல்லல. பாத்தது யாருன்னு இன்னொரு கட்டம் போடுங்க, அதுல அவுக பேரப் போட்டுக்கிருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல ஏற்பாடு. யாருக்கும் குறைச்சல் இல்லை.

மூன்று நாள் மதில்மேல் பூனையாக இருந்தேன். ஐயா மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கிட்டங்கிச் சாவியை வாங்கப் போனபோது, "மகன் இந்த எடத்த வேற எதுக்கோ கேக்கான்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என் மூட்டைகளை வைக்க எனக்கு வேறு இடம் இல்லை. அன்றே அந்தப் பக்கத்தைப் பழையபடி திருப்பினேன். ஒரு பட்டன்தான். ஐயாவின் பெயர் வந்துவிட்டது. கூடவே அவருடைய பழைய வரியும் வந்துவிட்டது, பிளாஸ்டிக் பைக்கு ஆகாது என்ற வரி போய்விட்டது. மறுபடி யாரும் கை வைக்காமலிருக்கப் பூட்டும் போட்டேன். குழுவில் யாரும் கேட்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது?

அழிந்துபோன அக்காவின் வரியைத் தனியாகச் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஆனால் அதற்கும் செய்தவர் கட்டத்தை நிரப்ப வேண்டும். அக்கா பெயரைப் போட்டால் ஐயாவுக்கு மறுபடி சங்கடம். வேறு யார் பெயரைப் போட்டாலும் பொய். பெயர் போடாமல் ஏற்றுக்கொள்ளாது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. வழக்கம்போல் பத்து மணிக்குப் பதிவு மட்டும் வந்துகொண்டிருந்தது, முன்னைவிடக் குறைவாக.

அந்தப் பங்குனியில்தான் பந்தல்குடியிலிருந்து ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். கல்யாணமாகி வந்த புதிது. மோர்மிளகாய் போடப்போவதாகவும், கோயம்புத்தூரில் ஒரு கடை நாற்பது கிலோ கேட்டிருப்பதாகவும், இதைச் சரியாக அனுப்பிவிட்டால் வீட்டில் தொடர்ந்து செய்ய விடுவார்கள் என்றும் எழுதியிருந்தாள். எப்படி அடைப்பது என்று கேட்டாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே பதிலைப் போட்டோம். பொதுப்பக்கத்தைப் பார். அக்கா அந்த வாரம் உறவில் ஒரு சாவுக்குப் போயிருந்தார், போனைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த வரி ஞாபகம் வந்ததா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. வந்தது. தனியாக ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்குக் கம்பு லோடு வந்து இறங்கியது.

இருபது நாள் கழித்து அவள் ஒரு படம் போட்டாள். பிளாஸ்டிக் பைகளுக்குள் மிளகாய் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கடைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். 'பக்கத்துல போட்டிருந்தபடியேதான் செஞ்சேன்.'

மறுநாள் விடிந்ததும் முதல் ரோஜாப்பூ வந்தது. பின்னாலேயே சூரியனும் சாமியும் வந்தன. அந்தப் படம் மேலே போய் மறைந்தது. பத்து மணிக்கு அக்காவின் குரல் வந்தது. சத்தமே இல்லாமல் பேசியிருந்தார். அவரால் அப்படிப் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"தம்பி, அந்தப் பக்கத்துல செஞ்சதுன்னு யாரு பேரு இருக்கு?"

நான் அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் அவர் குழுவைவிட்டு வெளியே போனார். மறுவாரம் ஒரு சாக்கு நிறையத் தன் மோர்மிளகாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பந்தல்குடிக்குப் போயிருக்கிறார். கடைக்கு இதை அனுப்பு என்று அந்தப் பெண்ணிடம் கொடுக்கப் பார்த்திருக்கிறார். மாமியார் வாசலிலேயே நிறுத்தி, போதும் இந்த வியாபாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்தச் சாக்கோடு அவர் திரும்பி வந்ததைப் பந்தல்குடி பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருக்கும் எங்கள் குழு ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். "ஏத்திவிடக்கூட ஆளில்லாம நின்னுச்சு பாவம்" என்றார். நீங்கள் ஏற்றிவிட்டிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஐயா இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். போனை எடுப்பதில்லை. கிட்டங்கியை மகன் இடித்துவிட்டான். என் மூட்டைகளுக்கு வேறு இடம் கிடைத்தது, தேடியபோது இரண்டே நாளில் கிடைத்தது. பொதுப்பக்கத்தில் போட்டிருந்த பூட்டைத் திறந்தேன். திறந்துவிட்டு, போன மாதம் பரளச்சிக்குப் போனேன்.

அக்கா வாசலில் தார்ப்பாயில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தார். அவர் இப்போது பார்சல் அனுப்புவதில்லை, ஒரு வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். என்னைப் பார்த்ததும் வாங்க தம்பி என்றார். தண்ணீர் கொடுத்தார். டீ போட்டுக் கொடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பக்கத்தத் தெறந்துட்டேன்க்கா. நீங்க வந்து அந்த வரிய எழுதணும்."

"பந்தல்குடிப் பிள்ள இப்பச் செய்யுதா?"

"இல்லக்கா. மில்லுக்குப் போகுதாம்."

மிளகாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். கண்ணாடியில் நூலுக்குப் பதில் இப்போது கம்பி கட்டியிருந்தது.

"அப்ப யாருக்கு எழுதச் சொல்றீக?"

"இனிமே வாரவுகளுக்கு."

"வாரவுக கேட்டா நீங்களே சொல்லுங்க தம்பி. ஒங்களுக்குத் தெரியும்ல." கிளறுவதை நிறுத்தாமல் சொன்னார். "அன்னைக்கும் தெரியும்."

டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். ஆறவிட்டு அடைக்கவும் என்று எழுதினேன். அடியில் கட்டம் காலியாக நின்றது. நான் ஒரு மிளகாய்கூடக் காயப்போட்டதில்லை. அவர் பெயரைப் போட அவர் எனக்கு உத்தரவு தரவில்லை. காலியாகவே அழுத்திப் பார்த்தேன். சிவப்பு எழுத்து வந்து மறித்தது. எழுதியதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன்.

'பிளாஸ்டிக் பையில் சூட்டோடு அடைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஆறவிட்டு அடைக்க வேண்டும் என்று செய்து பார்த்தவர் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அது சரியான வரி. சரி என்று தெரிந்தே அது எடுக்கப்பட்டது. செய்தது: நான், அருப்புக்கோட்டை.'

ஏற்றுக்கொண்டது. குழுவில் அந்தப் பக்கத்தைப் பகிர்ந்தேன். பதினோரு பேர் கும்பிடு போட்டார்கள். காரியாபட்டிக்காரர், 'அருமையான தகவல் அண்ணா' என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை ரோஜாப்பூக்கள் வந்தன. பத்து மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.